வண்டிக்கு அடியில் துரு: கறுப்பு கோட்டிங் அடித்தால் போதுமா?

பழைய மாருதி 800, சான்ட்ரோ, இண்டிகா, எதுவாக இருந்தாலும் சரி. "அடியில் துரு ஏறியிருக்கு" என்று வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் வரும். ஒருவர் கறுப்பு அண்டர் கோட்டிங் அடிக்கச் சொல்வார். இன்னொருவர் வேஸ்ட் ஆயிலைப் பீய்ச்சினால் போதும் என்பார். மூன்றாமவர், "அந்தக் காலத்து இரும்பு இப்படியா துருப்பிடிச்சது?" என்று பெருமூச்சு விடுவார். வண்டியை விற்கப் போகிறவர் மட்டும் எதுவும் பேசாமல் போய்ப் புதுக் கோட்டிங் அடித்துவிட்டு வருவார்.

ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் துரு எப்படி உருவாகிறது என்று தெரியாமல் இறங்கினால், காசும் கொடுத்து வண்டியையும் கெடுத்துக்கொள்வதாக முடியும். குறிப்பாக அந்தக் கறுப்பு கோட்டிங். ஏற்கெனவே துரு ஏறிய தகட்டின் மேல் அப்படியே அதை அடித்தால், பல வண்டிகளில் துரு முன்பைவிட வேகமாகத்தான் போகிறது. கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும். காரணம் தெரிந்தால் அப்படி இருக்காது. அதற்கு வேதியியல் படித்திருக்கத் தேவையில்லை.

துரு என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பேட்டரி

டார்ச் லைட்டில் போடுகிற சாதாரண பேட்டரிக்கட்டையை எடுத்துக்கொள்வோம். அதன் கூடு துத்தநாகத் தகட்டால் ஆனது. நடுவில் ஒரு கரிக்குச்சி. இரண்டுக்கும் இடையில் ஈரமான உப்புக் கலவை. விளக்கு எரியும்போது துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து எலக்ட்ரான்களை வெளியே அனுப்புகிறது. அவை பல்பு வழியாக ஓடி, கரிக்குச்சிப் பக்கம் போய்ச் சேர்கின்றன. நாள்பட்ட கட்டை ஒழுகி டார்ச்சையே பாழாக்குகிறதே, கூடு கரைந்து ஓட்டை விழுவதால் வருவதுதான் அது.

காரின் அடித்தகட்டிலும் இதேதான் நடக்கிறது. என்ன, இங்கே இரண்டு முனைகளும் ஒரே தகட்டில், மில்லிமீட்டர் கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஈரம் படிந்த தகட்டில் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரானை விட்டுவிட்டுத் தண்ணீரில் கரைகின்றன. அந்த இடத்துக்கு ஆனோடு என்று பெயர். விடப்பட்ட எலக்ட்ரான்கள் தகட்டின் உள்ளேயே ஓடி வேறோர் இடத்துக்குப் போகின்றன. அங்கே தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்கிறது. அந்த இடம் கேத்தோடு. இரண்டையும் இணைக்கும் ஈரம் மின்சாரத்தைக் கடத்த வேண்டும், இல்லாவிட்டால் சுற்று முழுமையாகாது. அப்படிக் கடத்தும் ஈரத்துக்கு மின்பகுளி என்று பெயர். கரைந்த இரும்பு கடைசியில் ஆக்சிஜனோடும் தண்ணீரோடும் சேர்ந்து செம்பழுப்புப் பொடியாகப் படிகிறது. நாம் துரு என்று சொல்வது இந்தப் பொடியை. உலோகம் இப்படித் தின்னப்படுவதற்குப் பொதுப்பெயர் அரிமானம்.

பொடி படியும் இடமும் தகடு கரையும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரிகிற செம்மை ஓரிடத்தில் இருக்கும், குழி அதற்கு அடியிலோ பக்கத்திலோ இருக்கும். துருவைத் துடைத்துவிட்டு "மேலாக்கத்தான் இருந்தது" என்று திருப்திப்பட முடியாது.

அலுமினியமும் காற்றுப் பட்டால் ஆக்சைடாகும். ஆனால் அது தகட்டோடு இறுக ஒட்டிய மெல்லிய படலமாக நின்று, மேற்கொண்டு காற்றை உள்ளே விடாது. இரும்பின் துரு அப்படி நிற்பதில்லை. இரும்பாக இருந்தபோது அடைத்த இடத்தைவிடப் பல மடங்கு இடத்தைப் பிடித்துக்கொண்டு உப்பும். பொரிந்து, துளைகள் விட்டு, ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பெயின்ட் கொப்புளம் போட்டுத் தூக்குவதும், ஒன்றின் மேல் ஒன்றாக ஸ்பாட் வெல்டிங் செய்த இரண்டு தகடுகள் விரிந்து பிளப்பதும் இந்த உப்பலால்தான். காரின் வெளித்தகடுகள் சுமார் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் கனம்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். தின்று தீர்க்க அங்கே அதிகம் இல்லை.

அந்தக் காலத்து இரும்பு பற்றியும் ஒரு வார்த்தை. டெல்லி இரும்புத் தூண் சுமார் 1600 ஆண்டுகளாக நிற்பது உண்மை. அதில் பாஸ்பரஸ் அதிகம். அதனால் தூணின் மேல் இரும்பு பாஸ்பேட் அடங்கிய ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகியிருக்கிறது என்று ஐஐடி கான்பூர் பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார். அதே அளவு பாஸ்பரஸைக் கார் தகட்டில் சேர்த்தால் எஃகு நொறுங்கும் தன்மை அடைந்துவிடும், மட்கார்டு வடிவத்துக்கு வளைக்க முடியாது. ஆகவே தூணை விட்டுவிட்டு நம் வண்டிக்கு வருவோம்.

இதுவரை பார்த்தது: வெறும் இரும்பு, ஆக்சிஜன், மின்சாரம் கடத்தும் ஈரம், இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் துரு ஓடிக்கொண்டிருக்கும். ஒன்றை எடுத்துவிட்டால் நிற்கும். இனி சொல்லப்போகும் எல்லா வேலைகளும் இந்த மூன்றில் ஒன்றை எடுப்பதற்கானவைதான்.

உப்பு எங்கிருந்து வருகிறது

குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அங்கே கார்கள் அடியில் அரித்துப்போக அதுதான் முதல் காரணம். இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை அந்த ஊர்க்காரர்கள் எழுதியவை. நமக்குப் பனி இல்லை. அதற்குப் பதில் கடல் இருக்கிறது.

சுத்தமான மழைத்தண்ணீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. உப்பு கரைந்தால் நன்றாகக் கடத்தும், பேட்டரி வேகமாக ஓடும். உப்பின் இன்னொரு குணம் இதைவிட மோசம்: அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகக் கசிந்து கரைசலாகிவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்குவது அபூர்வம். ஆக, அடியில் கடல் உப்பு படிந்த வண்டி மழையே பெய்யாத மாதத்திலும் நனைந்த வண்டிதான். "நான் வண்டியை மழையில் எடுப்பதே இல்லை, ஷெட்டில்தான் நிற்கிறது" என்று திருவான்மியூர்க்காரர் சொன்னால், அதனால் பெரிய லாபம் இல்லை. காற்றோட்டமில்லாத மூடிய ஷெட் என்றால் நஷ்டம்கூட.

கடற்கரைச் சாலை ஓரத்துக் குடியிருப்புகளில் இன்னொரு வழியாகவும் உப்பு ஏறுகிறது. அது போர் தண்ணீர். வாய்க்கே கரிக்கிற தண்ணீரைக் குழாயில் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வண்டியின் அடிப்பக்கம் வரை பீய்ச்சிக் கழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு தங்கிவிடும். பாவம், வண்டியை நேசிக்கிறவர்கள்தான் இதைச் செய்கிறார்கள். மீன் வண்டிகளிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரும் உப்புக் கரைசல்தான். அதன் பின்னாலேயே ஒட்டிப் போனால் அது நம் வண்டியின் வயிற்றில் தெறிக்கும்.

கடற்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே பெரிய சாட்சி பாம்பன். 1914-இல் திறந்த ரயில் பாலத்தை அரிமானத்தோடு ஓயாமல் போராடித்தான் காப்பாற்றினார்கள். 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நிறுத்தப்பட்டன. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், அதாவது சிக்ரி, பக்கத்தில் மண்டபத்தில் கடற்காற்று அரிமானத்தை ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் வைத்திருக்கிறது. 2025 ஏப்ரல் 6-இல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், பாலிசிலாக்ஸேன் என்ற உயர்ரகப் பூச்சு, முழுக்க வெல்டிங் செய்த இணைப்புகள் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். முதல் இரண்டும் எதற்கென்று எளிதில் புரியும். மூன்றாவது எதற்கு? அதைப் புரிந்துகொண்டால் கறுப்பு கோட்டிங் ஏன் ஏமாற்றுகிறது என்பதும் புரிந்துவிடும்.

இடுக்கில்தான் வேகம்

கேம்பிரிட்ஜில் அரிமானத்தை ஆராய்ந்த யூ. ஆர். எவன்ஸ் 1920-களில் ஒரு எளிய சோதனையைக் காட்டினார். வழவழப்பான இரும்புத் தகட்டின் மேல் ஒரு சொட்டு உப்புத் தண்ணீரை வைத்தால் எந்த இடம் கரையும்? காற்று நன்றாகப் படும் ஓரம் என்றுதான் தோன்றும். கரைந்தது சொட்டின் நடுப்பகுதி. ஓரத்தில் ஆக்சிஜன் தாராளமாகக் கிடைப்பதால் அது கேத்தோடாகிவிடுகிறது. ஆக்சிஜன் எட்டாத நடுப்பகுதி எலக்ட்ரானைக் கொடுக்கும் ஆனோடாக மாட்டிக்கொண்டு கரைகிறது. செம்பொடி இரண்டுக்கும் நடுவே வளையமாகப் படிகிறது.

ஆக்சிஜன் கிடைக்கும் அளவில் வித்தியாசம் இருந்தாலே போதும், ஒரே தகட்டில் பேட்டரி உருவாகிவிடும். காற்று குறைவாகக் கிடைக்கும் பக்கம்தான் தின்னப்படும். இரண்டு தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று படியும் மடிப்பு, போல்ட் தலைக்கு அடிப்பக்கம், மட்கார்டின் உட்புறம் அப்பிக்கொண்ட சேற்றின் அடி, இங்கெல்லாம் ஈரம் புகும், காற்று அவ்வளவாகப் புகாது. இதற்கு இடுக்கு அரிமானம் என்று பெயர். பாலத்தில் ஒரு தகட்டின் மேல் இன்னொன்றை வைத்து ஆணி அறைந்தால் இடுக்கு வரும். முழுக்க வெல்டிங் செய்தால் அந்த இடுக்கு இல்லை.

இப்போது கறுப்பு கோட்டிங்குக்கு வருவோம். தார் அல்லது ரப்பர் கலந்த கனமான பூச்சு அது. சுத்தமான, பெயின்ட் உள்ள தகட்டின் மேல் அடித்தால் நல்ல பொருள்தான். கல் தெறிப்பைத் தாங்கும், சத்தத்தைக் குறைக்கும். துரு இருக்கும் தகட்டின் மேல் அடித்தால் அது பிடிப்பது பொரிந்த துருவை, இரும்பை இல்லை. வண்டி குலுங்கக் குலுங்கத் துரு விடும், கோட்டிங் தகட்டிலிருந்து பிரியும். ஆனால் கீழே விழாது. பார்க்கக் கறுப்பாக, ஜம்மென்று இருக்கும். உள்ளே தகட்டுக்கும் பூச்சுக்கும் நடுவே ஒரு மெல்லிய பை. ஏதோ ஒரு விரிசல் வழியாகத் தண்ணீர் அதில் ஏறி, வெளியே வர வழி தெரியாமல் தங்கிவிடும். எவன்ஸின் சொட்டைத் தகட்டின் நீளத்துக்கு விரித்து வைத்த மாதிரி. வெறுமனே திறந்து கிடந்திருந்தால் வெயிலில் காய்ந்திருக்கும்.

டிங்கர் பட்டறையில் பழைய கோட்டிங்கைச் சுரண்டும்போது அது பாளம் பாளமாகக் கையோடு வருவதையும், அதன் உட்புறத்தில் துருச் செதில் ஒட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

சுருக்கமாக: ஈரத்தைச் சிறைப்பிடித்து வைக்கும் எதுவும் துருவுக்கு உதவி. சேறு, நனைந்த கார்பெட், பிரிந்த கோட்டிங், மூன்றுமே ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

அடியில் தெரியும் துரு மேலிருந்தும் வரும்

பலரும் வண்டிக்கு அடியில் மட்டுமே பார்ப்பார்கள். தகட்டுக்கு இரண்டு பக்கம் இருக்கிறது என்பது மறந்துவிடும்.

ஏசி ஓடும்போது குளிர்விப்பான் மேல் தண்ணீர் சேரும். அது ஒரு சின்ன ரப்பர் குழாய் வழியாகக் கீழே சொட்ட வேண்டும். நிற்கும் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது அதுதான். இந்தக் குழாய் தூசியால் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வண்டிக்குள்ளேயே, பெரும்பாலும் முன் இருக்கையில் உட்காருகிறவரின் கால் வைக்கும் இடத்தில் இறங்கும். மேலே ரப்பர் மேட், அதன் கீழே கார்பெட், அதன் கீழே பஞ்சு. மேட் காய்ந்திருக்கும், பஞ்சு மாதக் கணக்கில் ஊறிக்கொண்டிருக்கும். கால் வைக்கும் இடத்தில் அடித்தகடு ஓட்டையாகிப்போன வண்டிகளில், அடியில் எவ்வளவு கோட்டிங் அடித்தும் நிற்காத துருவுக்குக் காரணம் பல சமயம் இதுதான்.

கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேறும் வழி அவை. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி வடிவப் பகுதிக்கும் அதேபோல் துளைகள் உண்டு. பட்டறையில் அதை ரன்னிங் போர்டு என்பார்கள். மாருதி 800 போன்ற கார்களுக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது, உடல்தான் சேஸிஸ். எடையைத் தாங்குவதில் ரன்னிங் போர்டுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அவசரமாகக் கோட்டிங் அடிக்கிறவர்கள் செய்யும் பெரிய தவறு, இந்தத் துளைகளையும் சேர்த்து அடைத்துவிடுவது. பிறகு உள்ளே புகும் தண்ணீர் அங்கேயே குடியிருக்கும்.

டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழியையும் பாருங்கள். பின்விளக்கின் ரப்பர் பழசாகிவிட்டால் மழைத்தண்ணீர் அங்கேதான் வந்து சேரும். 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023-இல் மிக்ஜாம் புயல் வெள்ளத்திலோ மூழ்கிய வண்டி என்றால் கதை இன்னும் நீளம். இருக்கையை மாற்றி, கார்பெட்டைக் காயவைத்து, வண்டி ஓடவும் தொடங்கியிருக்கும். ஆனால் பெட்டி வடிவப் பகுதிகளுக்குள் புகுந்த வண்டல் அங்கேயே தங்கி, ஒவ்வொரு மழைக்கும் நனைந்துகொண்டிருக்கும்.

எவ்வளவு தூரம் போயிருக்கிறது?

வைத்தியத்துக்கு முன் நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் பாதுகாப்பு: ஜாக்கி மட்டும் போட்டுத் தூக்கிய வண்டிக்கு அடியில் ஒருபோதும் போகக் கூடாது. துரு ஏறிய வண்டியில் ஜாக்கி வைக்கும் இடமே உள்ளே அமுங்கிவிடலாம். வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பதுதான் நல்லது.

செம்பொடி மட்டும் இருந்து, கம்பி பிரஷால் தேய்த்தால் பளபளப்பான இரும்பு தெரிகிறது என்றால் அது மேல்துரு. கவலை வேண்டாம். செதில் செதிலாக உரிந்து, அடியில் குழிகள் தெரிந்தால் அடுத்த நிலை. கனம் குறைந்திருக்கிறது, ஆனால் காப்பாற்றலாம். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று சத்தம் தரும். 'தொப்' என்று வந்தால், அல்லது முனையால் அழுத்தும்போது உள்ளே போனால், அங்கே தகடே இல்லை, பெயின்டும் துருவும் சேர்ந்து தகடு மாதிரி நடிக்கின்றன. மூன்றாவது நிலை அது.

தட்டிப் பார்க்கும்போது சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடங்களையும் ரன்னிங் போர்டையும் முதலில் பாருங்கள். நடுத்தகட்டில் விழும் ஓட்டை அசிங்கம்தான், ஆனால் நாள் தள்ளலாம். சஸ்பென்ஷன் பிடிப்பில் விழுந்தால் வண்டியை ஓட்டக் கூடாது. அடியில் ஓடும் பிரேக் பைப்புகளும் இரும்புதான். அவற்றில் குழி விழுந்திருந்தால் தேய்த்துப் பெயின்ட் அடிக்கிற வேலை வேண்டவே வேண்டாம், மாற்றிவிட வேண்டும். பிரேக் மிதிக்கும்போது அந்தப் பைப்பில்தான் முழு அழுத்தமும் வருகிறது.

முறையான வேலை

முக்கால்வாசி வேலை கழுவுவதும் காயவைப்பதும் சுரண்டுவதும்தான். பூச்சு கடைசிக் கால்வாசி. பணம் வாங்கும் இடங்களில் இது தலைகீழாக நடப்பதால்தான் பிரச்சினை.

உப்பில்லாத நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் முழுவதையும் அழுத்தத்தோடு கழுவ வேண்டும். மட்கார்டு மடிப்புகளில் இறுகிய சேற்றைக் கையால் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும். தண்ணீர் வெளியேறும் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். அப்புறம் காயவிட வேண்டும், அவசரமே படாமல். காலையில் கழுவி மாலையில் பூச்சு அடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், மடிப்புக்குள் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து மூடித் தருகிறார் என்று அர்த்தம். சித்திரை, வைகாசி வெயில் இந்த வேலைக்கென்றே வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள்.

காய்ந்ததும் கம்பி பிரஷ், உப்புத்தாள், பெரிய பரப்பு என்றால் கிரைண்டரில் கம்பி பிரஷ். தளர்ந்த பழைய கோட்டிங் எல்லாம் போக வேண்டும். இறுக ஒட்டியிருப்பதைத் தொட வேண்டாம். கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். கிரைண்டரில் தேய்ப்புச் சக்கரம் மாட்டிப் பளபளக்கும் வரை அரைக்கிறேன் என்று இறங்கினால், துரு தின்றது போக மிச்சமிருந்த அரை மில்லிமீட்டரையும் நாமே தின்றுவிடுவோம்.

எவ்வளவு தேய்த்தாலும் குழிகளின் அடியில் கொஞ்சம் துரு மிஞ்சும். அதற்குத்தான் ரஸ்ட் கன்வர்ட்டர் என்ற திரவம். இதைப் பற்றித்தான் அதிகமான கற்பனைகள் உலவுகின்றன. இது துருவை மறுபடி இரும்பாக்காது. போன தகடு போனதுதான். சில கன்வர்ட்டர்களில் இருக்கும் பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றுகிறது. டெல்லித் தூணின் படலத்துக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம். வேறு சிலவற்றில் டானின் இருக்கும். அது துருவோடு சேர்ந்து கருநிறச் சேர்மமாகிறது. கடுக்காயில் இருப்பதும் டானின்தான். கலம்காரி ஓவியர்கள் கடுக்காய் ஊறிய துணியின் மேல், இரும்புத் துண்டும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைத்த கரைசலால் கோடு இழுத்துக் கறுப்பு நிறம் வரவைப்பது இதே வேதியியலால். எப்படியோ, இரண்டு வகையும் மெல்லிய துருவில்தான் வேலை செய்யும். கனமான செதிலின் மேல் ஊற்றினால் மேல்தோல் மட்டும் மாறும், அடியில் பழைய பேட்டரி ஓடிக்கொண்டிருக்கும். துரு இல்லாத இடத்தில் இதை அடிப்பதிலும் பலன் இல்லை.

அடுத்து பிரைமர், அதாவது இரும்பை நேரடியாகத் தொடும் முதல் பூச்சு. இரும்புக் கடையில் கிடைக்கும் ரெட் ஆக்சைடின் நிறம் இரும்பு ஆக்சைடுதான். துருவின் குடும்பத்தையே துருவுக்கு எதிராகக் காவல் நிறுத்துகிறோம். வீட்டு கேட்டுக்கு அது போதும். தண்ணீரும் கல்லும் ஓயாமல் தெறிக்கும் வண்டியின் அடிக்கு எபாக்சி பிரைமர்தான் நல்லது. அது ஈரத்தை அவ்வளவு எளிதில் உள்ளே விடாது. சிங்க் பிரைமர் என்று ஒன்று உண்டு. துத்தநாகத் தூள் நிறைந்தது. பேட்டரிக்கட்டையில் பார்த்தோமே, துத்தநாகம் எலக்ட்ரானைக் கொடுத்துத் தான் கரையும். இரும்போடு ஒட்டியிருந்தால் இரும்புக்குப் பதில் அது கரைந்து இரும்பைக் காப்பாற்றும். ஆனால் வெறும் இரும்பைத் தொட்டால்தான் அந்த வித்தை பலிக்கும். துருவின் மேலோ கன்வர்ட்டரின் மேலோ அடித்தால் அது வெறும் சாம்பல் நிறப் பெயின்ட்.

பிரைமர் முழுக்கக் காய்ந்தபின், மடிப்புகளில் சீலர் வைத்து, அதற்கு மேல் அண்டர் கோட்டிங். ஆமாம், அதே கறுப்பு கோட்டிங்தான். இந்த இடத்தில் அது நியாயமான பொருள். சைலன்சர், பிரேக் பாகங்கள், ரப்பர் புஷ்கள், தண்ணீர்த் துளைகள், இவற்றை முன்கூட்டியே மூடி மறைத்துவிட வேண்டும்.

ரன்னிங் போர்டு போன்ற பெட்டிப் பகுதிகளின் உட்புறத்தைச் சுரண்ட முடியாது. அங்கே கேவிட்டி வேக்ஸ் என்ற மெழுகு கலந்த எண்ணெயை நீளக் குழாய் மூலம் உள்ளே தெளிப்பார்கள். அது இறுகிப் பாளமாகாது, மடிப்புகளுக்குள் ஊர்ந்து போய் ஈரத்தை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். எனக்குக் கேட்டால், பழைய வண்டிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் வெளிக் கோட்டிங்கை விட்டுவிட்டு இதைச் செய்வேன்.

ஓட்டை விழுந்த இடம்

ஓட்டையில் ஃபைபர் துணியை ஒட்டிப் பட்டி பார்த்து மூடுவது சுலபம், மலிவு. பட்டிக்கு எடையைத் தாங்கும் வலு கிடையாது. விளிம்பில் துரு தொடர்ந்து போகும். சரியான வழி, நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத்தகடு வைத்து வெல்டிங் செய்வது. கேஸ் வெல்டிங்கைவிடப் பட்டறையில் சி-ஓ-டூ வெல்டிங் என்று சொல்லும் முறையில் சூடு பரவுவது குறைவு, மெல்லிய தகடு கோணாது.

வெல்டிங் முடிந்ததும் பலர் மறப்பது பின்பக்கத்தை. சூட்டில் அங்கிருந்த பெயின்ட் எரிந்துபோயிருக்கும், வெறும் இரும்பு நிற்கும். அங்கேயும் பிரைமரோ வேக்ஸோ போகாவிட்டால் புதுத்தகட்டின் ஓரத்திலேயே துரு மறுபடி தொடங்கும். வேலைக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றி, கார்பெட்டை எடுத்து, பெட்ரோல் டேங்கும் பைப்பும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டுத்தான் தீயைத் தொட வேண்டும்.

வேஸ்ட் ஆயிலும் மின்சாரப் பெட்டியும்

வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் ஆயில் ஸ்பிரே செய்யும் பழக்கம் ஒரு காலத்தில் எல்லா இடத்திலும் இருந்தது. அதன் அடிப்படை சரிதான். எண்ணெய் மடிப்புக்குள் ஊர்ந்து தண்ணீரைத் தள்ளும். ஆனால் எஞ்சினிலிருந்து வடித்த ஆயிலில் அமிலங்களும் கசடும் சேர்ந்திருக்கும். ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், தெருத் தூசியை எல்லாம் அப்பிக்கொள்ளும், மழையில் வழிந்து மண்ணைக் கெடுக்கும். அதே தத்துவத்தில் இதற்கென்றே தயாரித்த வேக்ஸ் இருக்கும்போது இது தேவையில்லை.

பேட்டரியோடு இணைத்தால் வண்டியே துருப்பிடிக்காது என்று விற்கும் சிறு மின்கருவிகளும் வருகின்றன. கப்பலின் அடியிலும் கடலுக்குள் போகும் குழாய்களிலும் இரும்புக்கு வெளியிலிருந்து எலக்ட்ரான் கொடுத்துக் காப்பாற்றும் முறை உண்மையிலேயே உண்டு. அங்கே எல்லாமே கடலில் மூழ்கி, ஒரே மின்பகுளிக்குள் இருப்பதால் சுற்று முழுமையாகிறது. கார் காற்றில் நிற்கிறது. இங்கொரு சொட்டு, அங்கொரு சேற்றுத் திட்டு. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. மின்சாரம் போய்ச் சேர வழியில்லாத இடத்தை அந்தப் பெட்டி எப்படிக் காப்பாற்றும்?

பழைய வண்டி வாங்கும்போது

15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கும் நேரத்திலும், விற்பதற்கு முந்தைய வாரத்திலும்தான் நிறைய வண்டிகளுக்குப் புதுக் கறுப்பு கோட்டிங் ஏறுகிறது. 15 வயது வண்டியின் அடி புத்தம் புதுசாகக் கறுகறுவென்று இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். பழைய, தேய்ந்த, ஆங்காங்கே மேல்துரு தெரிகிற அடிப்பக்கம் எவ்வளவோ நேர்மையானது. என்ன இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். ரன்னிங் போர்டிலும் மட்கார்டின் விளிம்பிலும் ஒட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இருப்பது பட்டி. முன்பக்க மேட்டையும் கார்பெட்டையும் தூக்கி விரலால் அழுத்துங்கள், ஈரம் தெரியும். ஸ்டெப்னியை வெளியே எடுத்துக் குழியைப் பாருங்கள். நான்கு கதவுகளையும் மெதுவாகச் சாத்திப் பார்த்து, இடைவெளி மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று கவனியுங்கள்; ரன்னிங் போர்டு தளர்ந்த வண்டியில் கதவு தொங்கும், தூக்கிச் சாத்த வேண்டியிருக்கும். கடைசியாக லிஃப்டில் ஏற்றி, புதுக் கோட்டிங் மேலேயே ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் தட்டிக் கேளுங்கள். "அதெல்லாம் தட்டக் கூடாது சார், கோட்டிங் போயிடும்" என்று விற்பவர் பதறினால், விலை பேசாமல் அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.